திண்ணைக் கணக்கு

எனக்கு என்ன உத்தியோகம் என்று யாராவது விசாரித்தால், "கழித்தல் கணக்குப் போடுகிற உத்தியோகம்" என்று சொல்லிவிடுவது வழக்கம். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கிற நேரத்தில் அதற்கு மேல் விளக்கப் புகுந்தால் பக்கத்து நாற்காலி காலியாகிவிடும். 'கதிரியக்கம்' என்ற வார்த்தையை வாய்விட்டுச் சொல்லிவிட்டேனோ, எதிரே இருக்கும் அம்மாள் தம் குழந்தையை மெல்லத் தம் பக்கமாக இழுத்துக் கொள்வார். என் அத்தை ஒருத்தி, "ஏ பிள்ளே, அதெல்லாம் உன் சேலையிலே ஒட்டிக்கிட்டு வராதா?" என்று கேட்டேவிட்டாள்.

வராது. காமாக் கதிர் என்பது வெளிச்சத்தின் ஜாதி. விளக்குக்கு முன்னால் நின்றவர்கள், விளக்கை அணைத்த பிறகும் இருட்டில் மின்னிக்கொண்டிருப்பதில்லை அல்லவா? விளக்கையே விழுங்கிவிட்டால் அது வேறு விஷயம். அந்த வேறு விஷயம் எங்கள் வீட்டிலேயே நடந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் என் கழித்தல் கணக்கைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் அசடாகிப் போன இடம் எது என்று உங்களுக்குப் புரியாது.

கதிரியக்கம் அணுகுண்டிலும் அணு உலையிலும் மட்டுமே இருக்கிறது என்று பலர் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். அது இல்லாத இடமே கிடையாது. வானத்திலிருந்து வருகிறது; கருங்கல் தரையிலிருந்து வருகிறது; செங்கல் சுவரிலிருந்து வருகிறது. வாழைப்பழத்திலும் உருளைக்கிழங்கிலும் இருக்கும் பொட்டாசியத்தில் துளியிலும் துளி கதிர் வீசும் வகையைச் சேர்ந்தது. நம் உடம்பிலும் அந்தப் பொட்டாசியம் உண்டு. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் சாய்வு நாற்காலியில் சும்மா படுத்திருந்தாலும், அவருக்குள்ளே நொடிக்கு 4,000-க்கு மேற்பட்ட பொட்டாசிய அணுக்கள் சிதைந்துகொண்டிருக்கின்றன. அவரைச் சோம்பேறி என்று சொல்லுவது ஒரு விதத்தில் அநியாயம்.

இப்படி எங்கும் இருப்பதை நாங்கள் 'பின்னணி' என்போம். ஓர் இடத்தில் இருக்க வேண்டிய பின்னணி எவ்வளவு, அதற்கு மேல் அங்கே ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. விமானத்தில் கருவியை வைத்துப் பறந்து அளப்பார்கள். ஜீப்பில் வைத்து ஓட்டி அளப்பார்கள். தோளில் மாட்டிக்கொண்டு நடந்தும் அளப்பார்கள். யுரேனியம் தேடுகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு வேண்டும். காணாமற் போன கதிரியக்கப் பொருளைத் தேடுகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

பின்னணி ஊருக்கு ஊர் மாறும். எங்கள் ஊர்ப் பின்னணி கொஞ்சம் சத்தமானது. நான் பிறந்தது கன்னியாகுமரி மாவட்டத்தில், மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமம். எங்கள் கடற்கரையில் அலை ஒதுங்கும் இடத்தில் மணல் கறுப்பாகவும் சிவப்பாகவும் பட்டை பட்டையாகக் கிடக்கும். சிறு வயதில் அதைக் கோலப் பொடி மாதிரி அள்ளி விளையாடியிருக்கிறோம். அந்தக் கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே, தேன் நிறத்தில் மோனசைட் என்ற மணல் கலந்திருக்கிறது. அதில் தோரியம் இருக்கிறது. எங்கள் ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலத்தில், இங்கிருந்து கப்பலேறிப் போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய ரசாயன நிபுணர் இதைக் கண்டுபிடித்தார். அந்த நாளில் காஸ் விளக்கின் மாண்டில் செய்யத் தோரியம் வேண்டியிருந்தது. ஐரோப்பாவில் தெருவிளக்கு எரிய எங்கள் ஊர் மணல் போயிற்று. எங்கள் ஊரில் அப்போது எரிந்தது என்னவோ மண்ணெண்ணெய்ச் சிமினிதான்.

சரி, கருவிக்கு வருகிறேன். அதன் இருதயம் ஒரு ஸ்படிகம். பார்ப்பதற்குக் கற்கண்டுக் கட்டி போல இருக்கும். சோடியம் அயோடைடு என்று பெயர். நம் சமையல் உப்புக்கு ஒன்றுவிட்ட சகோதரி. அதற்குள் ஒரு காமாக் கதிர் பாய்ந்தால் மினுக்கென்று ஒரு பொறி தெறிக்கும். கதிரின் சக்தி அதிகமானால் பொறியும் பிரகாசமாக இருக்கும். கருவி ஒவ்வொரு பொறியையும் எண்ணும். அதோடு அது எவ்வளவு பிரகாசம் என்றும் பார்த்து, அந்தந்த அறையில் போட்டு வைக்கும். தபாலாபீஸில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போடுகிறார்களே, அதே மாதிரி. எந்த அறையில் எத்தனை சேர்ந்தது என்று கோடு வரைந்து பார்த்தால் அங்கங்கே மேடு தெரியும். 1,460 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் என்ற இடத்தில் மேடு இருந்தால் அது பொட்டாசியம். 1,764-ல் இருந்தால் யுரேனியக் குடும்பம். 2,614-ல் இருந்தால் தோரியக் குடும்பம். இந்த மூன்றும் பூமியில் எங்கே போனாலும் நமக்கு எதிர்ப்படும் பழைய மனிதர்கள்.

மொத்த எண்ணிக்கையை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். மழை பெய்தால் எண்ணிக்கை ஏறும். காற்றிலிருக்கும் ரேடான் வாயுவின் வாரிசுகளை மழைத்துளி கழுவிக்கொண்டு வந்து தரையில் கொட்டிவிடும். அவை இரண்டு மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதுவரை நாங்கள் ஜீப்பில் உட்கார்ந்து நிலக்கடலை தின்றுகொண்டிருப்போம். மண் ஈரமாகிவிட்டாலோ எண்ணிக்கை இறங்கும். விமானம் கொஞ்சம் உயர்ந்தால் இறங்கும். பாறை தென்பட்டால் ஏறும். தெருவில் ஒலிபெருக்கி அலறுகிற நாளில்கூட, உள்ளே தொட்டிலில் குழந்தை சிணுங்கினால் தாய்க்குக் கேட்டுவிடுகிறது. எப்படி? சத்தம் எவ்வளவு என்று அவள் பார்ப்பதில்லை; எந்தக் குரல் என்று பார்க்கிறாள்.

இந்தத் தொழிலில் எல்லாரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1978-ம் வருஷம் ஜனவரி 24-ந் தேதி, காஸ்மோஸ் 954 என்ற சோவியத் செயற்கைக்கோள் கட்டுத் தப்பிக் கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில் சிதறி விழுந்தது. அதன் வயிற்றுக்குள் ஒரு சிறு அணு உலை இருந்தது. கிரேட் ஸ்லேவ் ஏரியிலிருந்து பேக்கர் ஏரிப் பக்கம் வரை சுமார் 600 கிலோமீட்டர் நீளத்துக்குத் துண்டுகள். நடுக் குளிர்காலம், எங்கே பார்த்தாலும் பனிக்கட்டி. ஹெர்குலிஸ் விமானங்களில் கருவிகளை ஏற்றிக்கொண்டு பறந்தார்கள். கனடா நாட்டு நிலவியல் துறையினர் யுரேனியம் தேடுவதற்காக வைத்திருந்த கருவியும் அவற்றில் ஒன்று. தொல்லை என்னவென்றால், அந்தப் பிரதேசத்துப் பாறைகளிலேயே யுரேனியமும் தோரியமும் இருக்கின்றன. எண்ணிக்கை எகிறும் இடத்திலெல்லாம் செயற்கைக்கோள் கிடப்பதாக எண்ணி இறங்கினால், பெரும்பாலும் கருங்கல்தான் உட்கார்ந்திருக்கும்.

இம்மாதிரித் தேடலில் கைகொடுக்கும் உபாயம் ஒன்று இருக்கிறது. 1,400-க்குக் கீழே வருவதை ஒரு கூடையிலும், மேலே வருவதை இன்னொரு கூடையிலும் போடுவது. பாறையோ மணலோ, இயற்கையாக இருந்தால் இரண்டு கூடைகளும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் சேர்ந்து நிறையும், சேர்ந்து குறையும். அணு உலையில் பிறந்த சரக்குகளின் கதிர் பெரும்பாலும் கீழ்க் கூடையில்தான் விழும். ஆகவே மேல் கூடை சும்மா இருக்க, கீழ்க் கூடை மட்டும் கனத்தால், அங்கே அந்நியர் யாரோ வந்திருக்கிறார் என்று அர்த்தம். அப்படித்தான் பனியில் கிடந்த உலைத் துண்டுகளைப் பாறையிலிருந்து பிரித்துப் பொறுக்கினார்கள். கனடா சோவியத் யூனியனுக்கு 60 லட்சம் டாலருக்குப் பில் அனுப்பிற்று. 1981-ல் 30 லட்சம் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தார்கள். பேரம் பேசுவது நம் காய்கறிக் கடையோடு நிற்கவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

இன்னும் சமீபத்தில், 2023 ஜனவரியில், மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சுரங்கத்திலிருந்து பெர்த் நகருக்கு லாரியில் போன சீசியம்-137 குப்பி ஒன்று வழியில் நழுவி விழுந்துவிட்டது. 8 மில்லிமீட்டர் உயரம், 6 மில்லிமீட்டர் குறுக்களவு. வழியோ 1,400 கிலோமீட்டர். வைக்கோற்போரில் ஊசி என்பார்களே, அதற்காவது வைக்கோற்போர் எது என்று தெரியும்! பிப்ரவரி 1-ந் தேதி, மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் போன ஒரு வண்டியிலிருந்த கருவி, சாலை ஓரத்திலிருந்து சுமார் இரண்டு மீட்டரில் கிடந்த அந்தப் பட்டாணியைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

இப்படியெல்லாம் பிறர் கெட்டிக்காரத்தனத்தைப் பேசிக்கொண்டே போகலாம். என் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லுகிறேன், கேளுங்கள்.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு மாசி மாதம். குமரிக் கரையோரத்தில் ஜீப்பில் போய் அளக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. அதற்கு முன்பு நாலைந்து மாதம் வடகிழக்கே ஒரு மலைமுகாமில் இருந்தேன். வாரத்துக்கு ஒரு முறை டெலிபோன் பேச முடிந்தால் அதிர்ஷ்டம். சொந்த ஊரிலேயே வேலை என்றதும் துள்ளிக் குதிக்காத குறை. அப்பா காலமான பிறகு அம்மா வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சென்னையிலிருந்து என் நாலு வயதுப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு போய், ஒரு மாதம் பாட்டியிடம் விட்டு வைக்கலாம் என்று திட்டம் போட்டேன்.

அம்மா டெலிபோனில், "இந்தத் தடவை குழந்தையைக் கூட்டிட்டு வராதே மக்களே" என்றாள்.

"ஏம்மா?"

"எனக்கு ஓடியாடிப் பார்க்க முடியாது. நீயும் ஆபீஸ்காரங்களோட லாட்ஜிலேயே தங்கினா என்ன? உனக்கு அலைச்சல் மிச்சம்."

எனக்குச் சுருக்கென்றது. குழந்தையை விட்டுவிட்டு மலை மலையாகச் சுற்றுகிறேன் என்று அம்மாவுக்கு என்மேல் கொஞ்ச நாளாகவே வருத்தம் உண்டு. அதைத்தான் இப்படிக் காட்டுகிறாள் என்று தீர்மானித்துக் கொண்டேன். குழந்தையை மாமியாரிடம் விட்டேன். ஆனால் லாட்ஜுக்குப் போகவில்லை. வீம்புக்கு வீம்பு; நேரே வீட்டுக்கே போய் இறங்கினேன்.

அம்மா வாசலுக்கு வந்தாள். வந்தவள் நடைப்படியோடு நின்றுவிட்டாள். வழக்கமாக என் கன்னத்தைத் தடவி, "வத்திப் போயிட்டியே" என்று சொல்லுவாள். அன்று தடவவில்லை. முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். குரல் கம்மியிருந்தது. "ஜலதோஷம், கிட்டே வராதே" என்றாள். சாப்பாட்டை மேஜையில் எடுத்து வைத்துவிட்டுத் தன் தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், துணி உலர்த்தத் தனிக் கொடி. ராத்திரி பின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள். கோபத்தை இவ்வளவு சாங்கோபாங்கமாக நடத்துகிறாளே என்று நான் உள்ளூரக் குமைந்தேன்.

கருவிக்கு ஒரு நியமம் உண்டு. தினமும் காலையிலும் மாலையிலும் ஒரே இடத்தில் வைத்து இரண்டு நிமிஷம் எண்ண வேண்டும். அது ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. எங்கள் வீட்டுத் திண்ணையின் கோடியில் ஒரு முக்காலியைப் போட்டு, அதை அந்த இடமாக வைத்துக்கொண்டேன். ஒரே இடமானாலும் ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை அச்சடித்தாற்போல் வராது. பதினாயிரம் எண்ணினால் நூறு முன்னே பின்னே இருக்கலாம், அது இயற்கை. முந்நூறு, நானூறு என்று போனால்தான் யோசிக்க வேண்டும்.

எனக்கோ ஆயிரக் கணக்கில் ஏறி இறங்கிற்று! முதல் நாள் மாலை ஓர் எண். மறுநாள் காலை அதைவிட வெகு அதிகம். அன்று மாலை வேறொன்று. மழை கிடையாது. வெயிலில் கருவி நிலை தப்பிவிட்டதோ என்று பார்த்தேன். தோரிய மேடு 2,614-ல் தன் இடத்தில் அசையாமல் இருந்தது. முற்றத்தில் அம்மா யாரைக் கொண்டோ புது மணல் விரித்திருந்தாள். எங்கள் ஊர் மணலின் லட்சணம்தான் தெரியுமே! காற்றில் மணல் நகர்ந்து ஏறி இறங்குகிறது என்று முடிவு கட்டி, நோட்டுப் புத்தகத்தில் 'உள்ளூர் மணல்' என்று எழுதி மூடிவிட்டேன். பத்து வருஷ அனுபவம் உள்ளவள் எழுதுகிற வாக்கியமா அது? மணல் நகர்ந்திருந்தால் தோரியம் ஏறியிருக்க வேண்டாமா? கேட்டுக்கொள்ளவில்லை. மனசு வேறு எங்கோ இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, அன்றைய கோடுகளைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். மேல் கூடை மூன்று நாளும் ஒரே அளவு. கீழ்க் கூடை மட்டும் கூத்தாடியிருந்தது. கனடாப் பனியில் கிடந்த அதே சமாசாரம் எங்கள் வீட்டுத் திண்ணையில்! பின்னணியைக் கழித்தேன். 364-ல் ஒரு மேடு, கோபுரம் மாதிரி. 284-லும் 637-லும் இரண்டு சிறு மேடுகள். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அது அயோடின்-131. மண்ணில் விளைகிற பொருள் அல்ல. எட்டு நாளைக்கு ஒரு முறை பாதியாகிப் போகிற சரக்கு; அணு உலையில் செய்து ஆஸ்பத்திரிக்குப் போவது.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை என்றால் நம்புவீர்களோ? ஆஸ்பத்திரிக் குப்பையை யாராவது பக்கத்தில் கொண்டுவந்து கொட்டிவிட்டார்களோ, யாருக்குத் தகவல் சொல்வது என்றுதான் யோசித்தேன். கருவி ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளேயிருந்து அம்மா கட்டஞ்சாயா கொண்டு வந்தாள். எண்ணிக்கை மளமளவென்று ஏறிற்று. திண்ணையின் மறு கோடியில் தம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள். மளமளவென்று இறங்கிற்று.

சாயா ஆறிக்கொண்டிருந்தது. நான் எடுக்கவில்லை.

ஆறு வாரத்துக்கு முந்தி டெலிபோனில், "மீனை விட்டாச்சு, பால் சாயாவும் விட்டாச்சு, இப்போ கல்லுப்புதான்" என்று அம்மா சொன்னாள். ஏதோ விரதம் என்று நினைத்தேன். மரச்சீனியும் மீன்கறியும் இல்லாமல் ஒரு நாள் கழியாத மனுஷி! திருவனந்தபுரத்தில் சித்தி வீட்டில் ஒரு மாதம் இருந்தாள். சித்தி மகளின் பேறுகாலத்துக்கு ஒத்தாசை என்று நினைத்தேன். குரல் கம்மியது ஜலதோஷம். கழுத்தில் முந்தானை கடற்காற்றுக்கு. சமையலறைக் காலண்டரில் தேதிகளைச் சுழித்து வைத்திருந்தது பால் கணக்கு. குழந்தையைக் கூட்டி வராதே என்றது என்மேல் கோபம். ஒவ்வொன்றாக, எவ்வளவு சாமர்த்தியமாகக் கழித்துவிட்டேன்!

"அம்மா, கொஞ்சம் இங்கே வா."

"அடுப்பிலே வேலை இருக்கு."

"அடுப்பிலே ஒண்ணும் இல்லே. வா."

நடைப்படியில் வந்து நின்றாள். முக்காலியிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் பெட்டியைப் பார்த்தாள்.

"சொல்லிட்டுதா அது?" என்றாள்.

தைராய்டு சுரப்பியில் கட்டி. புற்றுநோய்தான். திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு இந்த அயோடின் மருந்து. நம் உடம்பில் அயோடினை ஆசையாக வாங்கிச் சேர்த்துக்கொள்வது தைராய்டுதான். அறுவையில் தப்பிய துணுக்குகள் எங்கேயாவது ஒளிந்திருந்தால், கதிர் வீசும் அயோடினையும் அவை அதே ஆசையோடு வாங்கிக்கொள்ளும். அதிலிருந்து வரும் பீட்டாக் கதிர் அந்த இடத்திலேயே அவற்றைச் சுட்டுவிடும். மருந்துக்கு முன்னால் கொஞ்ச நாள் அயோடின் இல்லாத சாப்பாட்டில் பட்டினி போட்டு வைப்பது, அந்த ஆசையை வளர்ப்பதற்காக. மீனும் பாலும் அயோடின் கலந்த உப்பும் கூடாது என்றது அதனால்தான். வேலை செய்வது பீட்டாக் கதிர். அதோடு கிளம்பும் காமாக் கதிர் உடம்பைத் தாண்டி வெளியே வந்துவிடுகிறது. அதுதான் திண்ணை வரை வந்து என் பெட்டியைத் தட்டியிருக்கிறது. என் பெட்டிக்குள் இருக்கும் ஸ்படிகமும் அயோடின் கலந்ததுதான் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னவோ செய்கிறது.

ஆஸ்பத்திரியில் நாலு நாள் தனி அறை. நான் வந்து இறங்குவதற்கு முதல் நாள்தான் அம்மா வீடு திரும்பியிருக்கிறாள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் இத்தனை நாள் கிட்டே சேர்க்கக் கூடாது, பெரியவர்களிடமும் தள்ளியிருக்க வேண்டும், பாத்திரமும் துணியும் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லியனுப்பியிருந்தார்கள். டீச்சரம்மா ஒன்று விடாமல் அனுஷ்டித்திருக்கிறாள். காலண்டர்ச் சுழிகள் அந்த நாள் கணக்கு.

"ஏன் என்கிட்டே சொல்லலே?"

"நீ அந்த மலையிலே கிடந்து வேலை பார்க்கிறே. சொன்னா எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி வருவே. அப்புறம் ஆயுசுக்கும் என்னைக் காரணம் சொல்லுவே."

"வந்த பிறகாவது சொல்லியிருக்கலாமே?"

"வந்ததும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டியே மக்களே. யாருகிட்டே சொல்ல?"

இதற்கு நான் பதில் சொல்லவில்லை. எழுந்து கிட்டே போகப் பார்த்தேன். "அங்கேயே உட்காரு!" என்று நாலாம் வகுப்புக் குரலில் ஓர் அதட்டல் போட்டாள். உட்கார்ந்துவிட்டேன். தூரம் இரு மடங்கானால் கதிர் நாலில் ஒரு பங்காகும் என்பது எனக்கும் தெரியும்; ஆனால் அன்றைக்கு அதை அம்மாதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவள் நடைப்படியில், நான் திண்ணைக் கோடியில். அழுதது, சிரித்தது, சண்டை போட்டது எல்லாம் அந்த இடைவெளியிலேயே நடந்தது. ராத்திரி பத்து மணிக்குச் சாயா இன்னொரு தடவை வந்தது.

மறுநாள் சூட்கேஸை எடுத்துக்கொண்டு லாட்ஜுக்குப் போய்விட்டேன், அம்மாவின் உத்தரவு. ஆனால் தினமும் மாலையில் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு வந்து, அதே முக்காலியில் இரண்டு நிமிஷம் எண்ணுவேன். அம்மா அதே நடைப்படியில், அதே நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு. "இன்னைக்கு எவ்வளவு?" என்று, தங்கம் விலை விசாரிக்கிற மாதிரி கேட்பாள். சொன்னால் காலண்டரில் எழுதிக்கொள்வாள். 364-ல் நின்ற கோபுரம் நாளுக்கு நாள் தணிந்துகொண்டே வந்தது. எட்டு நாளில் பாதி என்பது அயோடினின் சொந்தக் கணக்கு. உடம்பும் தன் பங்குக்கு அதை வெளியேற்றுவதால், நாங்கள் கண்டது அதைவிட வேகம். மூன்றாவது வாரம் மேடு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அம்மா சொன்னாள்: "பரீட்சைப் பேப்பரிலே மார்க்குக் குறையக் குறைய சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை."

ஆபீஸ் கணக்கில் ஒரு சிக்கல் மிஞ்சியிருந்தது. எங்கள் தெருவில் ஜீப் போன தினங்களிலெல்லாம் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்திருந்தது. மேலதிகாரி அது என்ன என்று கேட்டார். இது நடக்காத சங்கதி அல்ல. விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும் இருக்கும் எச்சரிக்கைக் கருவிகள் இந்த மாதிரி சிகிச்சை பெற்றவர்களைக் கண்டு அலறுவது உண்டு. 'மருத்துவ அயோடின். நிலத்துக்குச் சம்பந்தமில்லை. நீக்கலாம்' என்று எழுதிக் கொடுத்தேன். யார் என்று அவர் கேட்டார். சிகிச்சை பெற்றவர் ஒருவர் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, நல்ல மனிதர். 'உள்ளூர் மணல்' என்று எழுதியிருந்த வரியை மட்டும் நான் அடிக்கவில்லை. அது அந்த நோட்டுப் புத்தகத்தில் அப்படியேதான் இருக்கிறது.

அம்மா இப்போது தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை சாப்பிடுகிறாள். டாக்டர் சொன்ன நாளில் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறாள். சித்தியை நம்புவதில்லை, கூட நான் போகிறேன்.

போன கோடை விடுமுறையில் குழந்தையோடு ஊருக்குப் போனோம். பழுது பார்க்கக் கொண்டு போகும் வழியில் பெட்டியும் கூட வந்திருந்தது. அம்மா விடவில்லை, திண்ணையில் வைத்துப் பார்க்கச் சொன்னாள். குழந்தை அவள் மடியில் உட்கார்ந்து, எண்கள் ஓடுவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"இது அத்தனையும் மணலா?"

"மணல்தான்."

"நான் இல்லையா இதிலே?" அம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம் மாதிரி இருந்தது.

"உடம்பிலே பொட்டாசியம் இருக்கு. ஆனா இந்த மணல் சத்தத்திலே அது கேட்காது. சொல்லப் போனா, நீ முற்றத்துக்கும் பெட்டிக்கும் நடுவிலே வந்தா எண்ணிக்கை கொஞ்சம் குறையும். மணலை நீ மறைக்கிறே."

அம்மா நம்பவில்லை. குழந்தையை இறக்கிவிட்டுக் குறுக்கே வந்து நின்று பார்த்தாள். இரண்டு நிமிஷம் பொறுத்து எண்ணைப் பார்த்தோம், குறைந்துதான் இருந்தது. "இன்னும் கொஞ்சம் குண்டானா?" என்று கேட்டாள். அதற்குள் வாசலில் மீன்காரி குரல் கொடுத்தாள். நல்ல சாளை வந்திருக்கிறதாம். மரச்சீனி ஏற்கெனவே அடுப்பில் வெந்துகொண்டிருந்தது.